ரெமாகமிப் பைன் காட்டில் இடது கைக் காணிக்கை

செப்ரெம்பர் மாதத்துச் சனிக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு ரொறொன்ரோவின் டோர்செட் பார்க்கிலிருந்து புறப்பட்டோம். ரெமாகமி வடக்கே ஏறத்தாழ 450 கிலோமீற்றர். நான் காரை ஓட்டினேன். பின் இருக்கையில் என் அயல்வீட்டுச் சிவம் அண்ணையும் அவர் மனைவி வசந்தி அக்காவும். அண்ணைக்குக் குளிர்காலத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் அவர் ஏறப்போகும் முதல் மலைப்பாதை இது. அக்கா அரை மனதோடுதான் சம்மதித்திருந்தார்.

“ஏலாட்டி உடன சொல்லவேணும். வீறாப்புக் காட்டக்கூடாது.”

“ஓம், ஓம். நோர்த் பே வரமுதலே பத்துத்தரம் சொல்லிப்போட்டீர்.”

பதினொரு மணிக்குக் காட்டு வாசலில் வழிகாட்டி டோனா காத்திருந்தார். அனிஷினாபே பழங்குடிப் பெண். பாதுகாக்கப்பட்ட இக்காட்டில் கோடரி படாத வெண்பைன்களும் செம்பைன்களும் நிற்கின்றன. சில முந்நூறு வயதைக் கடந்தவை. நாங்கள் நடக்கவிருந்தது, டோனாவின் முன்னோர் தோணிகளைத் தோளில் சுமந்து ஏரிக்கு ஏரி கடந்த பாதை.

முதலில் மரத்திடம் அனுமதி கேட்கவேண்டும் என்று டோனா துணிப்பையிலிருந்து, காணிக்கையாக வைக்கப் புகையிலைத் தூளை எடுத்தார். அக்கா விபூதி வாங்குவதுபோல் வலது கையை நீட்டினார்.

“இடது கை. இதயம் அந்தப் பக்கம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார் டோனா.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. “இடக்கையால ஆரும் கும்பிடுற இடத்தில வைப்பினமே?”

அண்ணை அதற்குள் இடது கையை நீட்டிவிட்டார். “டொக்குத்தர் திருத்தின சாமான் அந்தப் பக்கம்தானே கிடக்கு. அதாலயே குடுப்பம்.”

“சரி. மணந்துமட்டும் பாக்காதேங்கோ. சிகரெட்டை விட்ட ஆள்.”

நான் மொழிபெயர்த்ததும் டோனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வெண்பைனின் அடியில் அக்காவும் இடது கையாலேயே புகையிலையை வைத்தார். பிறகு, மனம் கேளாமல், இரண்டு கையாலும் கும்பிட்டார்.

எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடி உயரம்வரை அந்த மரத்தில் கிளையே இல்லை. பைன் ஊசிகள் தடித்துக் கிடந்ததால் காலடி கேட்கவில்லை. அண்ணையின் மூச்சு மட்டும் கேட்டது. மூன்று இடங்களில் நின்றார். நின்ற இடமெல்லாம் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். உச்சிப் பாறையில் ஏரி முழுதாகத் தெரிந்தபோது அண்ணை உட்காரவில்லை. “பாத்தீரே?” என்று மட்டும் கேட்டார்.

ரொறொன்ரோவில் எங்கள் தெரு மரங்களுக்கெல்லாம் கட்டடங்களின் வயதுதான். பழைய மரங்களை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணை இறங்கிவிட்டார், டோனாவையும் முந்திக்கொண்டு வளைவில் மறைந்தார். எனக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, மெதுவா நடவுங்கோ. எனக்கு மூச்சு வாங்குது.”