பஞ்சாபகேசன் வாய் மூடியிருந்த மாதங்கள்

பஞ்சாபகேசன் காலமான செய்தி எனக்குக் கோல் மார்க்கெட் மருந்துக் கடையில் கிடைத்தது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து வாங்கப் போயிருந்தேன். கடைக்கார லாலாஜி நான் நீட்டிய சீட்டை வாங்காமல், "பண்டிட்ஜி, பஞ்சாப் சாஹப் நஹீ ரஹே" என்றார். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் பெயரில் பஞ்சாப் இருப்பதில் அந்த லாகூர் மனிதருக்கு என்றுமே ஒரு பெருமை. முந்தின இரவு தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். ஆர்.கே.புரத்தில் குடியிருந்தாலும் அவர் மருந்து வாங்குவது இவரிடம்தான். "என்னை இவ்வளவு படுத்திய வாடிக்கையாளர் வேறு இல்லை. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முழுக்கப் படிப்பார். தலைசுற்றும் என்று போட்டிருக்கிறது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பார்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே லாலாஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எந்த வைத்தியருக்கும் பெருமை தராமல், எந்த மருந்தின் மேலும் பழி போட இடம் வைக்காமல் போயிருக்கிறார். அதிலும் அவருடைய பிடிவாதம் தெரிகிறது.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அவர் புகழ் பாட வேண்டியதில்லை. பாடவும் எனக்கு வராது. ஒரே அமைச்சகத்தில் பணியாற்றிய காலம் முழுவதும் அவரைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விடுதலை கிடைக்கவில்லை. ஆர்.கே.புரத்து முருகன் கோயிலில் ஞாயிறு மாலைகளில் அடியேன் உபன்யாசம் செய்வது உங்களுக்குத் தெரியும். அதே வேளையில் படிக்கட்டில் செய்தித்தாளோடு அமர்ந்து, அந்த வாரத்து மருந்துச் செய்திகளுக்கு அவர் வியாக்கியானம் செய்வார். அடியார் ஒருவர் ஆண்டவனை நோக்கிக் கதறும் கட்டத்துக்கு நான் வந்திருப்பேன். அடுத்த கணம் ஆண்டவன் தோன்ற வேண்டும். அதற்குள் பின்வரிசை எழுந்து படிக்கட்டுக்குப் போயிருக்கும்.

போனவர்கள் சிரிக்கும் ஒலி உள்ளே கேட்கும். "போன மாசம் நெய் எமன். இந்த மாசம் வனஸ்பதி எமன். பேப்பர்காரன் எமனுக்கே டிரான்ஸ்ஃபர் ஆர்டர் போட்டிண்டிருக்கான், ஓய்!" என்பார். "தும்மலுக்கு மாத்திரை கொடுத்தான். தும்மல் நின்னுது, தூக்கம் வந்துது. ஆபீசுல ஒருத்தனும் வித்தியாசம் கண்டுபிடிக்கலை" என்பார். இவற்றை நான் வேண்டுமென்றே கேட்டதில்லை. ஒலிபெருக்கி இல்லாமலே காதில் விழும் குரல் அவருக்கு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர் அந்தச் செய்தியை வாசித்தார். கேப்ஸ்யூலின் மேற்கூடு ஜெலட்டின் என்ற பொருளால் ஆனது. அது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. "நாமெல்லாம் வெங்காயத்தை ஒதுக்கி வச்சுட்டு எலும்பை முழுங்கிண்டிருக்கோம்!" என்று அவர் முடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் ஜானகி மாமி. கோல் மார்க்கெட்டில் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும் ரங்கநாதனின் மனைவி.

மாமிக்கு அப்போது காசநோய். நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு சிவப்பு கேப்ஸ்யூல் விழுங்கவேண்டியவர். மறுநாள் காலை அந்த மருந்துப் புட்டி வாசற்படிக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. "இனிமே இது உள்ளே வராது" என்று மாமி சொல்லிவிட்டார். கூட்டைப் பிரித்துப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா என்று ரங்கநாதன் மருத்துவரிடம் போய்க் கேட்டார். கூட்டோடுதான் கொடுக்கவேண்டும், பாதியில் நிறுத்தினால் பிறகு இந்த மருந்தே கேட்காமல் போகலாம், உயிருக்கே ஆபத்து என்று அவர் கடிந்து அனுப்பினார். மாமியின் இருமல் சுவரைத் தாண்டி என் பூஜை அறை வரை வந்தது.

ரங்கநாதன் முதலில் என்னைத்தான் அழைத்தார். ஆபத்துக் காலத்துக்கென்று சாஸ்திரம் தனி வழி வைத்திருப்பதையும், உடலைக் காப்பதே முதல் தர்மம் என்பதையும் தக்க பிரமாணங்களோடு எடுத்துரைத்தேன். மாமி தலையாட்டிக் கேட்டார். கடைசியில், "மாமா, நீங்க ரொம்ப அழகாச் சொல்றேள். ஆனா முழுங்கப்போறது நான்தானே?" என்றார். வெறுத்துப்போய் ஆர்.கே.புரத்துக்குப் பஸ் பிடித்து, பஞ்சாபகேசனைக் கையோடு அழைத்து வந்தேன். "பத்த வச்சது நீர். நீரே அணையும்" என்றேன்.

அவர் உற்சாகமாகத்தான் உள்ளே நுழைந்தார். "மாமி, மடிக்குன்னு கட்டிண்டிருக்கேளே, இந்தப் பட்டு. புழுவைக் கூட்டோட கொதிக்கிற தண்ணில போட்டுத்தான் நூல் எடுக்கறான். இதைக் கட்டிண்டு நைவேத்தியம் பண்ணலாம், கேப்ஸ்யூல் மட்டும் ஆகாதா?"

வாதம் வலுவானது. எரிச்சலிலும் எனக்கு ஒரு திருப்தி ஏற்பட்டது. மாமி உள்ளே போனார். சற்று நேரத்தில் நூல் புடவையில் திரும்பி வந்தார். "நல்ல வேளை, சொன்னேள். இனிமே பட்டும் வேண்டாம்."

ரங்கநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் ஓய், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா? பாலு, தேனு, காத்து? எல்லாத்தையும் சொல்லி முடிச்சுடும்!"

பஞ்சாபகேசன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது. மாமிக்கு இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அடங்கும் வரை இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாமி, நான் என்ன பண்ணினா நீங்க முழுங்குவேள்? சொல்லுங்கோ, பண்றேன்" என்றார்.

மாமி யோசித்துத்தான் பேசினார். "ஆசாரம் எனக்கு உசிரு. அதை நான் மட்டும் தனியா விடமாட்டேன். உங்களுக்கு எது உசிரோ அதை நீங்களும் விடுங்கோ. டாக்டர் சொன்ன மாசமெல்லாம் முடியற வரைக்கும் மருந்து, வியாதி, வைத்தியம், எதைப் பத்தியும் ஒரு வார்த்தை பேசப்படாது. நீங்க பேசினது என் காதுல விழுந்தா அன்னிக்கே நிறுத்திடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் "சரி" என்றார். ஒற்றைச் சொல்லில் அவர் பதில் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. மாமி வாசலுக்குப் போய்ப் புட்டியை எடுத்து வந்து, எங்கள் கண்ணெதிரே ஒன்றை விழுங்கினார்.

அடுத்து வந்த மாதங்களில் நான் பட்ட பாடு தனி. படிக்கட்டில் வேலை இல்லாததால் அவர் என் உபன்யாசத்துக்கு முதல் வரிசையில் வந்து அமர்ந்தார். "ஆண்டவன் வர ஏன் இத்தனை நேரம் ஆச்சு, ஓய்?" என்று சந்தேகம் கேட்டார். அடியார் கூட்டம் சிரித்தது; பழைய எரிச்சலே எனக்கு மேலாகத் தோன்றியது. வெளியே யாராவது காப்பி இதயத்துக்கு நல்லதாமே என்று அவரைக் கிண்டிவிடுவார்கள். அவர் தாடையை இறுகப் பிடித்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றக் கிளம்பிவிடுவார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கே கடும் காய்ச்சல் கண்டது. டிஸ்பென்சரிக்குப் போனார். என்ன உபத்திரவம் என்று டாக்டர் கேட்க, இவர் வாயைத் திறக்கவில்லை. தலையைக் காட்டினார், வயிற்றைக் காட்டினார், பிறகு கும்பிட்டார். மனிதருக்குப் பேச்சு வரவில்லை என்று முடிவு செய்து, டாக்டர் தொண்டை கொப்பளிக்க மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதை வாங்கி வந்து இரண்டு நாள் சிரத்தையாகக் கொப்பளித்திருக்கிறார்! காய்ச்சல் ஏறி உளறத் தொடங்கிய பிறகுதான் அவர் மனைவி அவரை மறுபடி அழைத்துப் போய், தாமே எல்லாவற்றையும் சொல்லி, சரியான மருந்து வாங்கினார்.

இதைக் கேட்டு ஜானகி மாமி பதறிப்போய், ரங்கநாதனோடு அவரைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். "என்ன அசட்டுத்தனம் இது! உங்க உடம்புக்குப் பேசினா நான் கோச்சுப்பேனா?" பஞ்சாபகேசன் படுத்தபடியே தலையை அசைத்தார். மாமியைக் காட்டி, விழுங்குவதுபோல் சைகை செய்து, இன்றைக்கு ஆயிற்றா என்று புருவத்தை உயர்த்தினார். மாமி, "ஆச்சு, கார்த்தாலேயே ஆச்சு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமியின் எக்ஸ்ரே சுத்தமாக வந்தது. இனி மருந்து தேவையில்லை என்று மருத்துவர் சொன்ன நாளன்று எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து, காப்பி கொடுத்து, "இப்போ பேசுங்கோ" என்றார் மாமி. அவர் பேசினார். விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் பேசினார். நான் எழுந்து வந்துவிட்டேன். ஒருவரும் என்னைப் பின்தொடரவில்லை.

அந்த ஜெலட்டின் செய்தியை அவர் அன்று வாசித்திருக்கவே வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இதில் இறந்தவருக்குச் சலுகை கிடையாது. ஆனால் வாழ்நாளெல்லாம் விரதங்கள் இருந்த நான், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் என் குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காகவே சங்கற்பம் செய்திருக்கிறேன். இன்னொரு வீட்டுப் பெண்ணின் நுரையீரலுக்காக வாயைக் கட்டியவர் அவர். அவரிடமிருந்து அதை எடுத்துக்கொண்டேன். அவர் போன பின் வந்த ஏகாதசியன்று, எதிர்க் குவார்ட்டர்ஸில் இருக்கும் நர்ஸம்மாவின் நோயாளித் தாயார் குணமாகவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டு உபவாசம் இருந்தேன். அந்த அம்மாள் பெயர் மரியம்மா. கோத்திரமும் நட்சத்திரமும் சொல்லவேண்டிய இடத்தில் சற்றுத் தடுமாறினேன். பிறகு வீட்டு எண்ணைச் சொன்னேன்.