ஃபியூஸ் என் சட்டைப்பையில் இருந்தது

இது நான் கட்டிய கதை இல்லை. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். செத்துப்போன இரண்டு பேட்டரிகள் இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கின்றன. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். ஒரு மயிரிழை பிசகினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

என் அக்கா என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். காரில் நாற்பது நிமிடம். "சும்மா உட்கார்ந்து வந்தா கண்டதும் ஞாபகம் வருதுடா. ஒரு பாட்டாவது போடக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டாள். வாய்விட்டு எதையும் கேட்கிறவள் இல்லை அவள். அன்றைக்கே கிளம்பினேன்.

எங்கள் கடைக்கு அடுத்த சந்தில் கார்களுக்கு ஆடியோ பொருத்துகிறவர் ஒருவர் இருந்தார். அவர் கை வைத்த வண்டி தெருவில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதனால் ஊரே அவரை 'இடி' என்றுதான் கூப்பிடும். உடைப்புக்கு வந்த ஒரு காரில் இருந்து கழற்றிய செட் இருப்பதாகச் சொன்னார். ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், டிக்கியில் வைக்கும் பேஸ் பாக்ஸ். ஒரு கீறல்கூட இல்லை. அரை நாளில் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொடையில் தாளம் போட்டபடி வந்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

நான்காம் நாள். காலை 5.05. சாவியைத் திருகினேன்.

டிக்... டிக்... டிக்...

அவ்வளவுதான். பேட்டரி ஒட்ட வடிந்திருந்தது. மேல்வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரில் இருந்து கேபிள் போட்டுக் கிளப்பினோம். சாயங்காலம் இடி வந்து பார்த்தார். ஆம்ப்ளிஃபையரை எழுப்பிவிடும் நீல ஒயரைத் தவறான இடத்தில் கொடுத்திருந்தால் வண்டி நின்ற பிறகும் அது தூங்காது, விடிய விடியக் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்றார். ஒயரைச் சோதித்தார். சரியாகத்தான் இருந்தது. மீட்டர் வைத்தார். ஒன்றும் வடியவில்லை. பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று பழியை அதன் தலையில் போட்டுவிட்டுப் போனார்.

புதுப் பேட்டரி போட்டேன். இரண்டே நாள். அதுவும் செத்தது.

அன்றைக்கு மேல்வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வாடகைக் கார் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விட்டது. அக்காவின் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள்தான் இடம். ராத்திரிக்குள் அவள் முகமும் காலும் வீங்கிவிட்டன. படுக்க முடியவில்லை. தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அந்த நிலையிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. "உன் காருக்கும் என்னை மாதிரியே வாரம் மூணு தடவை மெஷின்ல போடணும் போலிருக்கே" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவியைத் திருகியபோது பார்த்த ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருந்தது. நான் வால்யூமை எப்போதும் பாதிக்கு மேல் வைப்பதில்லை. அன்று காலை அது கடைசிவரை திருகியிருந்தது.

மூன்றாவது பேட்டரி போட்ட மறுநாள் மேல்வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதீங்க... ராத்திரி மூணு மணிக்குப் பாட்டு கேட்கணுமா?"

"நானா?"

"தினமும் இல்ல. சில நாள். மூணு பன்னெண்டுக்கு ஆரம்பிக்குது. பாட்டுகூட கேட்காது. வெறும் தம் தம்முனு... என் கட்டில் வரைக்கும் அதிருது."

நாங்கள் படுப்பது பின்கட்டில். எங்களுக்கு ஒன்றும் கேட்டதில்லை. யாரோ கள்ளச்சாவி போட்டுக் காருக்குள் ஏறுகிறான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அக்காவுக்கு டயாலிசிஸ். இன்னொரு தடவை தவறினால் ஆள் தாங்க மாட்டாள். ஸ்டீரியோவின் ஃபியூஸையும் ஆம்ப்ளிஃபையரின் ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி கடவுளே வந்தாலும் அது பாடாது. ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு 2.40க்கு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

தெரு வெறிச்சென்று கிடந்தது. ஒரு நாய் வந்தது. காரை முகர்ந்தது. வாலை மடக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போனது.

3.05. காருக்குள் ஈர மண் வாசனை.

மழை பெய்து மாதம் இரண்டு ஆகியிருந்தது.

3.12. ஸ்டீரியோவில் வெளிச்சம் வந்தது.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் இரண்டும் இருந்தன.

தம்... தம்... தம்...

முதுகுக்குப் பின்னால் சீட் அதிர்ந்தது. வால்யூம் குமிழ் மெல்ல நகர்ந்தது. தானாக. கொஞ்சம் கொஞ்சமாக. கடைசிவரை.

பிறகு கீழே இறங்கியது. மறுபடி ஏறியது. இறங்கியது. ஏறியது.

யாரோ கூப்பிடுவது போல.

கை நீட்டி அதைப் பிடித்தேன். குறைக்கத் திருகினேன். திரும்பவில்லை. அடியில் இன்னொரு கை பிடித்திருப்பது போல எதிர்த்தது. சில்லென்று இருந்தது.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

ஹாரனை அழுத்தினேன். சத்தம் இல்லை.

கால்களை இழுத்தேன். வரவில்லை. முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதாகவே தெரியவில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். கத்தினேன். மேல்வீட்டில் விளக்கு எரிந்தது.

அணைந்தது.

தம்... தம்...

3.50. 4.10. 4.25...

தட்டிக்கொண்டே இருந்தேன்.

4.41. சத்தம் தேய்ந்தது. வெளிச்சம் மங்கியது.

நின்றது.

வெளியே இருந்து கதவு திறந்தது. அக்கா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். வீங்கிய ஒற்றை விரலால் இழுத்தே திறந்திருந்தாள்.

"இங்க என்னடா பண்ற?"

"எவ்வளவு நேரமா கண்ணாடியைத் தட்டுறேன்... யாருக்குமே கேட்கலையா?"

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷமா இங்கதான் நின்னு உன்னையே பார்த்துக்கிட்டிருக்கேன். நீ தட்டவே இல்ல. அந்த வால்யூமைத்தான் திருகிக்கிட்டிருந்த."

அன்று அவளை மேல்வீட்டுக்காரர் காரில் கூட்டிப்போனோம். சத்தம் அவருக்கும் கேட்டதாம். வழக்கமான சத்தம்தானே என்று விளக்கை அணைத்துவிட்டாராம்.

செட்டை அன்றே கழற்றி இடியின் கடையில் போட்டேன். சார்ஜ் ஏற்றிப் போட்ட பிறகு அந்த மூன்றாவது பேட்டரி ஒருநாளும் வடியவில்லை. ஆனால் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி மூன்று மணிக்குத் தானாக முழிப்பு வரும். எழுந்து போய்க் காரைப் பார்த்துவிட்டு வருவேன். அந்தச் செட் எந்த வண்டியில் இருந்தது என்று இடியை நச்சரித்தேன். அவர் விசாரித்து, அந்தக் காரைப் பள்ளத்தில் இருந்து தூக்கிய கிரேன் ஓட்டுநரிடம் என்னைக் கூட்டிப்போனார்.

கிரேன் ஓட்டுநர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார். மழைக்கால இரவு. வளைவில் சறுக்கிய கார் மரங்களுக்கு நடுவே விழுந்திருந்தது. ரோட்டில் இருந்து பார்த்தால் தெரியாது. ஓட்டி வந்த இளைஞனுக்கு இரண்டு காலும் நசுங்கி மாட்டிக்கொண்டன. ஹாரன் உடைந்துவிட்டது. போன் எங்கோ தெறித்துவிட்டது. அவனுக்கு எட்டியது ஸ்டீரியோ மட்டும்தான். காலையில் ஆடு மேய்க்கப் போனவர் பார்த்தபோதுகூட உயிர் இருந்திருக்கிறது. தூக்கி எடுப்பதற்குள் போய்விட்டது.

"வால்யூம் கடைசி வரைக்கும் திருகியிருந்துச்சு. பேட்டரியில சொட்டு கரண்ட் இல்ல" என்றார்.

அத்தனை சத்தம் பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

அவர் அணைத்த பீடியை மறுபடி பற்றவைத்தார்.

"கேட்டிருக்கு. அங்க ஒரு வீடு இருக்கு. புருஷனும் பொண்டாட்டியும் டார்ச் எடுத்துக்கிட்டு ரோடு வரைக்கும் வந்திருக்காங்க. எவனோ குடிச்சிட்டு ஆடுறான்னு நினைச்சு, 'பிள்ளைங்க தூங்க வேணாமா, பாட்டை நிறுத்துப்பா'ன்னு இருட்டுக்குள்ள சத்தம் போட்டிருக்காங்க. அந்த நிமிஷமே நின்னுடுச்சாம். 'பாவம், நல்ல பிள்ளை, சொன்னதும் கேட்டுக்கிட்டான்'னு பேசிக்கிட்டே போய்ப் படுத்துட்டாங்களாம்."