ஐசேயாவைக் கடலுக்கு அனுப்பியது யார்?

ஆகாய விமானத்தின் இரைச்சல் கேட்டால் லுவீனியா அத்தை சிப்பி உடைக்கும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். இரைச்சல் அடங்கும்வரை எடுக்க மாட்டார். அமெரிக்காவில் சவானா நகருக்குத் தெற்கே, எங்கள் கறுப்பர் குடியிருப்பில் அவரைவிட வேகமாகச் சிப்பி உடைத்தவர் கிடையாது.

1947 அக்டோபரில், புயல் என்றதும் அவர் கணவர் ஐசேயா படகை ஓடையில் மூழ்கடித்து வைத்தார். நீர் நிறைந்து சேற்றில் கிடக்கும் படகைக் காற்று தூக்காது. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. மறுநாள் சிப்பிக் கொட்டகை வானொலி, புயல் நடுக்கடலுக்குப் போய்விட்டது என்றது. அத்தை ஓடி வந்தார்.

"போயிருச்சாம்யா! படகைத் தூக்கு. அடுப்பெரிஞ்சு ரெண்டு நாளாச்சு."

"நேத்து முக்குன்னே, இன்னிக்குத் தூக்குங்கிறே. தண்ணில போட்டு எடுக்க இது என்ன உன் பல்செட்டா?"

சிரித்துக்கொண்டே நீரை இறைத்தார். பதினான்காம் தேதி மாலை ஐந்து மணிக்கு, தூரத்துச் சிப்பித் திட்டுக்குக் கிளம்பினார்.

விடிந்தபோது புயல் எங்கள் மேல் விழுந்தது. தரைப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் பொங்கியது. அத்தை மேசைமேல் ஏறி நின்றார். சுவரில் ஏதோ மோதும் ஒவ்வொரு முறையும் "ஐசேயா!" என்று கத்தினார். மோதியது கதவு, பிறகு ஒரு மரக்கிளை, பிறகு அடுத்த வீட்டுக் கோழிக்கூண்டு. மூன்றாம் நாள் படகு கோரைக்குள் கவிழ்ந்து கிடந்தது. அவர் கிடைக்கவே இல்லை.

நடுக்கடலில் இருந்த புயலைப் பலவீனப்படுத்த விஞ்ஞானிகள் விமானத்திலிருந்து உலர்பனி எனும் ஐஸ் தூளைக் கொட்டினார்கள் என்ற செய்தி பின்னால் வந்தது. அதன் பிறகுதான் புயல் கரைப்பக்கம் திரும்பியது என்று ஊரே சபித்தது. அறிக்கைகளோ பூட்டுக்குள் இருந்தன. மக்களின் தலைக்குமேல் சோதனை செய்தவர்கள் மக்களுக்குப் பதில் சொல்லவில்லை. இருட்டில் வைக்கப்பட்டவன் பேயைத்தான் பார்ப்பான்.

நான் பள்ளி ஆசிரியன். இருபது ஆண்டுகள் கழித்து நூலகத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது: அந்த உலர்பனி விழும் முன்பே புயல் திரும்பத் தொடங்கிவிட்டது. உண்மை நிம்மதி தரும் என்று நம்பி ஓடிப் போய்ச் சொன்னேன்.

அத்தை சிப்பிக் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஐஸு இல்லேன்னா... படகைத் தூக்கச் சொன்ன நான்தானேடா கொன்னேன்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்குடா. அந்த ஐஸை எங்கிட்டயே விட்டுரு."

விடவில்லை. மறுநாளே நூலகத்துக்குப் போய் புயல் வந்த வாரத்துப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். திரும்பி வந்து அத்தையின் எதிரே உட்கார்ந்தேன்.

"புயல் இந்தப் பக்கம் வருதுன்னு அவரு போன அன்னிக்கு மத்தியானமே தெரிஞ்சிருக்கு, அத்தை. வெள்ளைக்காரங்க கடற்கரை பங்களாவுக்கெல்லாம் அதிகாரிங்க வண்டி அனுப்பிச் சொல்லியிருக்காங்க. நம்ம பக்கம் வரல."

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"வண்டி எத்தன மணிக்கு?"

"மூணு."

"அவரு அஞ்சுக்குத்தான் போனாரு," என்றார் அத்தை. "அஞ்சுக்கு."