துரை வண்டிக்கு வந்த தும்மல்

மழையில் நனைந்த காக்கிச் சட்டையிலிருந்து எழும் பெட்ரோல் வாசம்தான் எனக்கு அப்பாவின் வாசம். ஏற்காட்டில் மூடுபனி வாசற்படி வரை வந்து நிற்கும் ஐப்பசிக் காலைகளில், தோட்டக் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லைனில், எங்கள் வீட்டின் ஒற்றை அறைக்குள் அந்த வாசம் போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் காப்பித் தோட்டத்து மண்ணோடு வீடு திரும்ப, என் அப்பா மட்டும் பெட்ரோலோடு வருவதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. ஓமலூர்ப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம் மலையேறி வந்த குடும்பம் எங்களுடையது. களைவெட்டிக்கொண்டிருந்த அப்பாவை எஸ்டேட்டின் வெள்ளைக்கார துரை, தன் மோட்டார் சைக்கிளைத் துடைக்கவும், அதற்குப் பெட்ரோல் ஊற்றவும், காலையில் உதைத்துக் கிளப்பி பங்களா வாசலில் நிறுத்தவும் என்று தனியே வைத்துக்கொண்டிருந்தார்.

லைனில் யாரும் அதை மோட்டார் சைக்கிள் என்று சொன்னதில்லை, "டுப்புடுப்பு"தான். துரை தினமும் அதில் ஏறி, மஞ்சக்குட்டை வழியாகச் செம்மநத்தம் பக்கமிருந்த தன் இன்னொரு தோட்டத்துக்குப் போய் வருவார். பனியில் வண்டி கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் சில்வர் ஓக் மரங்களுக்கிடையில் ஒரு வளைவில் அமுங்கி, அடுத்த வளைவில் எழுந்து, மேலே மேலே மிதந்து போகும். களைவெட்டும் பெண்கள், என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி, குனிந்த தலை நிமிராமலே அது இந்நேரம் எங்கே போகிறதென்று சொல்லிவிடுவார்கள். சத்தம் தூரமாகிவிட்டால் முதுகை நிமிர்த்தி வெற்றிலை போடுவார்கள். அவர்களை மேய்க்கிற கங்காணியே அந்தச் சத்தத்தை நம்பித்தான் பீடி பற்றவைத்தார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது வந்த ஆயுத பூஜையன்று, கொட்டகையில் மண்வெட்டி, கவாத்துக் கத்தி, தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபின், அப்பா என்னைத் தூக்கி டுப்புடுப்பின் மேல் உட்காரவைத்து, சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். விளக்குக்கு ஒன்று, கைப்பிடிகளுக்கு ஒவ்வொன்று, கடைசியாகப் பெட்ரோல் டாங்கியின் மூடிக்கு. மூடியின் நடுவில் கடுகளவு ஒரு குழி இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே சீமையில் குழி விட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நான் மகிழ்ந்துபோனேன். சந்தனத்தை விரலால் அழுத்தி, உள்ளே போகப்போக இன்னும் கொஞ்சம் வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். மறுநாள் அப்பா எல்லாவற்றையும் துடைத்து, மெழுகுப் பாலிஷ் போட்டு, முகம் தெரிகிற மாதிரி தேய்த்துவைத்தார்.

அதற்கப்புறம்தான் வண்டிக்குத் தும்மல் வந்தது. கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். மஞ்சக்குட்டை ஏற்றத்தில், பலாமரத்து வளைவைத் தாண்டும்போது சத்தம் தடுமாறும்; இழுக்கும், விடும், இரண்டு தரம் தும்மும், அப்புறம் நின்றே போகும். அந்த நிசப்தத்தைக் கேட்டு மலைச்சரிவில் எல்லாருமே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வளைவில் இருக்கிற முனியப்பனுக்குச் சேவல் அறுக்காததுதான் கோளாறு என்றார் கங்காணி. பங்களாச் சமையல்காரரோ வண்டி பனியைக் குடித்துச் சளி கட்டிக்கொண்டது என்று, அவரே பார்த்து மருந்து கொடுப்பவர் மாதிரி சொன்னார்.

துரை வண்டியை நிறுத்திப் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார். பாதி டாங்கி இருக்கும். மூடிவிட்டு உதைத்தால் உடனே கிளம்பிவிடும், இன்னும் இரண்டு மைல் ஒழுங்காக ஓடும், திரும்பவும் தும்மும். நோயைத் தேடித் திறக்கிற கையே அந்நேரத்துக்கு அதைக் குணப்படுத்திவிடுகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. சேலத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவரும் முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ப்ளக்கைச் சுத்தம் செய்தார், கார்ப்பரேட்டரைக் கழற்றி மாட்டினார், பங்களாவைச் சுற்றி நாலு சுற்று ஓட்டினார். அவரிடம் அது தும்மவேயில்லை. எஞ்சினில் குறையில்லை, பெட்ரோலில்தான் ஏதோ கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மலையிறங்கினார்.

பெட்ரோல் ஊற்றுகிறவர் அப்பா ஒருவர்தானே. அன்றே அவரைப் பங்களா வாசலுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்த நான் தூண் பக்கம் நின்றேன். துரை இங்கிலீஷில் கத்த, அதைத் தமிழாக்கிச் சொல்ல வேண்டிய எஸ்டேட் கணக்கர், ரைட்டர், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பெட்ரோலைத் திருடிப்போட்டு மண்ணெண்ணெய ஊத்தறயாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள லைனைக் காலி பண்ணோணுமாம்." அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதைப் பார்த்து எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது; இன்றைக்கு நினைத்தாலும் அதற்காக வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். வீட்டிலிருந்த நாலு பாத்திரங்களை அப்பா சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஊருக்குப் போயி எந்த ஊட்டுலீங்க இருக்கறது?" என்று அம்மா கேட்க, அவர் சாக்கின் முடிச்சை இறுக்கினார். விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார்கள் என்று நான் தகரத்தைச் சாய்த்தேன். இரண்டு சொட்டு விழுந்தது, களக்கென்றது, நின்றுவிட்டது. தகரத்தில் எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது.

"மேல அந்தப் பக்கம் இன்னொரு ஓட்டை இருக்குது பாரு கண்ணு, அழுக்கு அடைச்சிருக்கும். காத்து உள்ள போனாத்தானே எண்ணெ வெளிய வரும்," என்றாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அழுக்கைச் சுரண்டினேன். எண்ணெய் சரசரவென்று வந்தது, விளக்கு நிரம்பித் தரையிலும் வழிந்தது. நான் நிறுத்தவில்லை. என் விரல் நுனியில் அந்தக் கடுகளவுக் குழி தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது.

"டுப்புடுப்பு மூடியிலயும் ஓட்டை இருக்குதுங்கப்பா," என்றேன். "அதுல சந்தனத்தை வெச்சு நாந்தான் அடைச்சுட்டேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அப்பா கயிற்றைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடியட்டும் சாமி," என்றார். அவ்வளவுதான்.

விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். வழியில் ஆரஞ்சு மரத்திலிருந்து நீளமாக ஒரு முள்ளை ஒடித்துக்கொண்டார். முள் மூடிக்குள் இறங்கிப் புரண்டது. காய்ந்த சந்தனம் பொடியும் துணுக்குமாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. மூடியை வாயில் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் வந்தது. அந்தக் கையோடு பங்களா வாசலுக்குப் போய், துரையிடம் சந்தனத்தைக் காட்டினார்.

"பூசைக்கு நாந்தானுங்க வெச்சேன். தப்பு என்னுதுங்க."

நான் பக்கத்தில் நின்றேன். ரைட்டர் மொழிபெயர்க்க, துரை கண்டபடி திட்டினார். மடையன் என்ற சொல்லை மட்டும் ரைட்டர் தமிழில் சொன்னார். பிறகு துரை வண்டியில் ஏறிப் பனிக்குள் போனார்.

லைனே வாசலில் நின்று கேட்டது. சத்தம் ஏறியது. பலாமரத்து வளைவு வந்தது. அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். தும்மவில்லை. மஞ்சக்குட்டைப் பிரிவைத் தாண்டி, மெலிந்து, நூலாகி, செம்மநத்தம் பக்கத்துப் பனியில் கரைந்து போனது. போனபின்னும் அது இன்னும் கேட்பதாகவே தோன்றியது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை. துரை திரும்பி வந்தபின் அப்பாவிடம், "போயி வேலையப் பாரு," என்று ரைட்டர்தான் சொன்னார். அம்மா சாக்கைப் பிரித்தாள். அடுத்த வருஷத்திலிருந்து வண்டிப் பக்கம் யாரும் சந்தனத்தோடு போகக்கூடாது என்று உத்தரவு வந்தது, திருடன் என்று சொன்னது தவறென்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

போன மாதம் அங்கே போயிருந்தேன். பங்களா விடுதியாகிவிட்டது. லைன் இருந்த இடத்தில் வண்டிகள் நிறுத்தச் சமன் செய்த தரை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டமாக மலையேறுகின்றன. ஒன்றின் சத்தத்தை இன்னொன்று விழுங்கிவிட, எது எந்த வளைவில் போகிறதென்று சொல்ல அந்தச் சரிவில் ஒருவரும் இல்லை. அப்பாவும் இல்லை. அவருடைய கடைசி வருஷங்களில் ஒருநாள் துணிந்து கேட்டிருக்கிறேன்: "நான் வெச்சதுன்னே சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா? கொழந்தைதானேன்னு துரை விட்டிருப்பாரே."

அப்பா யோசிக்கவே இல்லை.

"விடாம உன்னைய ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? என்னையத் திருடன்னப்ப நிக்க முடிஞ்சுது சாமி. உன்னையச் சொன்னா கைய கட்டிட்டு நின்னிருக்க மாட்டேன். அப்புறம் அந்த ஊடு நமக்கேது?"