எஸ்தர் டாக்டருக்குத் துணைக்கு வந்தவன்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பெங்களூர் அல்சூரில் என் வீட்டு வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். வியாழக்கிழமை என்றால் எஸ்தர் டாக்டர் பிரேசர் டவுனிலிருந்து தன் பழைய பியட் காரில் வந்து, என்னை ஏற்றிக்கொண்டு நீலசந்திரா கிளினிக்குக்குப் போவார். தெருமுனையில் திரும்பும்போதே ஹாரன் அடிப்பார். எங்கள் தெரு நாய்கள் அந்தச் சத்தத்துக்கே ஓரம் கட்டிவிடும். அன்றைக்கு ஹாரனுக்குப் பதிலாக என் செல்போன் அடித்தது. கிளினிக் நர்ஸ் சுகுணா. “சார், டாக்டரம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார்” என்று சொல்லிவிட்டு அழுதார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முந்தின நாள் சாயங்காலம் “எட்டரைக்கு ரெடியா இருங்க சாரதி சார், ஆடி அசைஞ்சு வராதீங்க” என்று மிரட்டியவர் அவர். சொன்ன நேரத்துக்கு வராமல் போனது அதுதான் முதல் தடவை.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரை நன்றாக அறிந்தவர்கள். அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். மருத்துவம் படித்து, பெங்களூரில் ஆஸ்பத்திரி வேலையிலேயே தலை நரைத்து, மற்றவர்கள் ஓய்வெடுக்கிற வயதில் ஆராய்ச்சிக்கு வந்தார். நானோ மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்துக்காக இங்கே குடியேறிய குடும்பத்தில் பிறந்தவன். சமூகவியல் படித்தவன். மேசையில் ஃபைல்கள் நேராக இல்லாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. அவர் மேசையில் ஃபைலே தெரியாது, மேலே வேர்க்கடலைத் தோல்தான் கிடக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் இருவரையும் ஒரு ஆய்வில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். நீலசந்திராவில் கூலி வேலை செய்து ஓய்ந்த முதியவர்களுக்கு என்ன வைத்தியம், என்ன ஒத்தாசை தேவை என்று கண்டறிய வேண்டும். அதோடு வாரம் ஒருநாள் கிளினிக்கும் நடத்திப் பார்க்க வேண்டும். பணம் கொடுத்த அமைப்பு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வருஷக் கடைசியில் ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். நோயாளிகள் வரவில்லை என்றால் தேவை இல்லை என்று பொருள். கிளினிக்கை மூடிவிட வேண்டியதுதான்.

கேள்விகளை நான்தான் தயாரித்தேன். எத்தனை இரவு கண் விழித்தேன் என்பதெல்லாம் இப்போது எதற்கு? முதல் வீட்டில் ஒரு கொத்தனார் மேஸ்திரி இருந்தார். நான் கேட்க ஆரம்பித்தேன்.

“தாத்தா, முழங்கால் வலி இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.”

“கண்ணு எப்படி?”

“சூப்பரா தெரியுது.”

சொல்லிவிட்டு மேஸ்திரி சுவரைத் தடவிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் நான் இருந்தேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை. பிள்ளையும் மருமகளும் பக்கத்தில் நிற்க, எந்தப் பெரியவர் தனக்குக் குறை இருக்கிறது என்பார்? காபி மட்டும் தவறாமல் வந்தது. சர்க்கரை தூக்கலான அந்தக் காபியை நான் மூன்றாவது வீட்டிலேயே மறுத்துவிட்டேன். டாக்டர் ஒவ்வொரு வீட்டிலும் குடித்தார். “காபி வேணாம்னு சொல்லிட்டு, உங்களுக்கு என்ன வேணும்னு அவங்களைக் கேக்கறீங்களே, யார் சார் பதில் சொல்லுவாங்க?” என்று தெருவிலேயே என்னைக் காய்ச்சினார். ஆபீசுக்கு வந்து விடைகளைத் தொகுத்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். “சார், உங்க பேப்பர்படி பாத்தா இவங்களை எல்லாம் ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பிடலாம்.”

ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு ஹால் பிடித்துக் கிளினிக்கைத் திறந்தோம். ‘முதியோர் நல மருத்துவமனை’ என்று தமிழிலும் கன்னடத்திலும் பெரிதாகப் போர்டு. ஒருவரும் வரவில்லை. வியாழக்கிழமைதோறும் டாக்டரும் சுகுணாவும் நானும் ஒருவர் மாற்றி ஒருவர் பிரஷர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பொறுக்க முடியாமல் டாக்டர் தெருவில் இறங்கி, பல் போன ஒரு அம்மாளைக் கூப்பிட்டார். “அது வயசானவங்களுக்கு தானே? எதுத்த வூட்டுக் கெழவியக் கூப்புடு” என்றார் அந்த அம்மாள். எதிர்வீட்டில் போய்க் கேட்டால், அந்தக் கிழவி இந்த அம்மாளைக் கைகாட்டினார். டாக்டர் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தார். ஆனால் அன்றைக்குக் காரில் என் வீடு வந்ததும், “மூடிட்டா இவங்க எங்க சார் போவாங்க?” என்று கேட்டார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அதற்குச் சில வாரம் கழித்து முனியம்மாவும் லூர்து மேரியும் வந்தார்கள். அடுத்தடுத்த வீடு, இருவருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். யாருக்கு உடம்பு சரியில்லை என்று சுகுணா கேட்டார்.

“இவளுக்குத்தான். நான் சும்மா தொணைக்கு வந்துகீறேன்” என்றார் முனியம்மா.

“அய்ய, நல்ல கதையா கீதே! தலை சுத்துறது அவளுக்கு. தனியா வுட்டா எங்கனா வுழுந்துடுவாளேன்னு நான்தான் தொணைக்கு வந்தேன்” என்றார் லூர்து மேரி.

சண்டை வலுத்தது. யாரை நோயாளி என்று எழுதுவது என்று தெரியாமல் நான் பேனாவோடு முழித்தேன். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக எழுந்து நின்றார். “சரிம்மா, ரெண்டு பேருமே துணைக்குத்தான் வந்திருக்கீங்க. இந்த வெயில்ல நடந்து வந்து உபகாரம் பண்றீங்க. எங்க கிளினிக்ல துணைக்கு வந்தவங்களைத்தான் முதல்ல பாப்போம். கையை நீட்டுங்க.” அந்த நிமிஷம்வரை எங்களிடம் அப்படி ஒரு விதியே கிடையாது.

திரும்பும் வழியில் பியட் தாறுமாறாக ஓடியது, அவ்வளவு குஷி அவருக்கு. “எங்கம்மா தனக்காகன்னு ஒரு நாளும் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல சார். ஆனா எங்க சுரங்கத்து லைன் வீடுங்கள்ல யார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் துணைக்கு முதல்ல நிக்கறது அவங்கதான். போன எடத்துல மெதுவா தன் நெஞ்சு வலியையும் டாக்டர் காதுல போட்டுட்டு வருவாங்க. தனக்குன்னு கேக்கக் கூச்சம். அடுத்தவங்களுக்குன்னா சண்டை போட்டாவது கேப்பாங்க. இத்தனை வருஷம் டாக்டரா இருந்து எனக்கு இது தோணலியே!” என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டியரிங்கை நான் பிடித்துக்கொண்டேன்.

போர்டை மாற்றி எழுதினோம். ‘துணைக்கு வருபவர்களை முதலில் பார்க்கிறோம்’ என்ற ஒரே வரி. அதற்குப் பிறகு ஹாலில் பெஞ்சு போதவில்லை. மேஸ்திரி ஒரு சிநேகிதருக்குத் துணையாக வந்தார். அந்தச் சிநேகிதர் மேஸ்திரிக்குத் துணையாக வந்தார். இருவருக்கும் கண்ணில் புரை.

வருஷக் கடைசியில் அதிகாரி வந்தார். கன்னடக்காரர், கண்டிப்பானவர். பெஞ்சு பெஞ்சாக நின்று, உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாரும் கன்னடத்திலேயே சளைக்காமல் பதில் சொன்னார்கள்: எனக்கு ஒன்றுமில்லை, இவருக்குத் துணைக்கு வந்தேன். கடைசி பெஞ்சுவரை போய்விட்டுத் திரும்பி, “ஹாகாத்ரே பேஷண்ட் யாரு?” என்றார், அப்படியானால் நோயாளிதான் யார் என்று. டாக்டர் அசரவில்லை. பேஷண்ட் என்று ஒருத்தரும் இங்கே கிடையாது, துணைக்கு வந்தவர்கள் மட்டும்தான் வாராவாரம் ஹால் நிறைய வருகிறார்கள், எங்கள் ஆராய்ச்சி முடிவே அதுதான் என்று கன்னடத்தில் ஒரு போடு போட்டார். பெஞ்சில் இடம்விட்டு நகர்ந்த மேஸ்திரி, நீங்கள் யாருக்குத் துணை என்று அதிகாரியையே கேட்டார். அதிகாரி என்ன நினைத்தாரோ, வாசலில் நின்ற தன் டிரைவரைக் காட்டினார். “அப்படின்னா முதல்ல உங்களைத்தான் பாக்கணும்” என்று டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றினார். பிரஷர் எக்கச்சக்கம். கிளினிக்கை மூடுகிற பேச்சு அதோடு நின்றது.

அறிக்கையை நான் அட்டவணைகளால் நிரப்பினேன். டாக்டர் ஒன்றைத்தான் சேர்க்கச் சொன்னார்: மருந்துச் சீட்டு எழுதுமுன் கூட வர ஆள் உண்டா என்று கேட்க வேண்டும். “கூட வர ஆள் இல்லேன்னா அந்தச் சீட்டு தலகாணிக்கு அடியிலயே கெடக்கும் சார்” என்பார். எழுந்து நடமாட முடியாதவர்களின் வீட்டுக்குத் தெருவுக்கு இரண்டு பெரியவர்கள் போய்வருகிற ஏற்பாடு அப்படித்தான் தொடங்கியது. முனியம்மாவும் லூர்து மேரியும்தான் முதல் ஜோடி. போகிற வீட்டில் எல்லாம் சண்டை போட்டார்கள், படுத்திருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

டாக்டருக்கே வயதானபோது வேடிக்கை தொடங்கியது. பியட் ஒவ்வொரு வாரமும் எதையாவது உரசிவிட்டு வரும். கண்ணைக் காட்டுங்கள் என்றால், என் கண்ணுக்கு என்ன கேடு என்பார். ஒருநாள், எனக்குப் பார்வை மங்குகிறது, கண் டாக்டரிடம் துணைக்கு வாருங்கள் என்றேன். “இந்த வித்தையை எங்கிட்டயேவா?” என்று சிரித்தார். ஆனாலும் வந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று என்னை உற்றுப் பார்த்து, “உங்களுக்கு இவ்ளோ நரையா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே!” என்றார்.

எனக்கும் பிரஷர் உண்டு. அதற்காக நானாக எந்த டாக்டர் வீட்டுப் படியும் ஏறியவனில்லை. கிளினிக்கில் நுழைந்ததும் சுகுணா, “துணைக்கா சார்?” என்பார். “ஆமாம், டாக்டருக்கு” என்பேன். டாக்டர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி என் சட்டைக் கையை மடித்துவிடுவார். இத்தனை வருஷமும் எனக்கு நடந்த வைத்தியம் அதுதான்.

அடக்கத்துக்கு நீலசந்திராவிலிருந்து டெம்போ வைத்துக்கொண்டு வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நான் அழுதேன், எல்லார் முன்னாலும்தான். அடுத்த வியாழக்கிழமை போக வேண்டாம் என்று இருந்தேன். எட்டரைக்குக் கால் தானாக வாசலுக்கு வந்துவிட்டது. ஆட்டோ பிடித்துப் போனேன். புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர் உள்ளே இருந்தார். சுகுணா பழக்கதோஷத்தில், “துணைக்கா சார்?” என்றார். தலையாட்டினேன். “யாருக்கு?” என்று கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது, முகம் சுருங்கிவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்துவைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “எனக்குத்தாம்மா. சார் எனக்குத் தொணைக்கு வந்துகீறாரு.”

திரும்பினேன். லுங்கி கட்டி, கையில் கம்போடு ஒரு பெரியவர். என் வாழ்நாளில் பார்த்த முகமில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, “போங்க சார், இங்க மொதல்ல உங்களத்தான் பாப்பாங்க” என்றார்.

எஸ்தர் டாக்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வியாழக்கிழமையைத்தான். வாராவாரம் போகிறேன். யாருக்கு என்று சுகுணா கேட்டால், பெஞ்சில் யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார்களோ அவரைக் காட்டுகிறேன். பிறகு கையை நீட்டுகிறேன்.