தேய்ந்த டயருக்குப் பொறுப்பேற்றவர்

செய்தி டயர்க் கடையிலிருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஏரியில் நல்ல கூட்டம். மிதிபடகுக்கு வரிசையில் நின்றவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. "யக்கா, ஞானம் அண்ணன் போய்ட்டாருக்கா. காலைல சர்ச்சுல பூசைக்குக் கெளம்பி, சட்டை மாட்டிக்கினு நாற்காலில உக்காந்தாராம். அவ்ளோதான்" என்றார் கடைக்காரர். எனக்கு முதலில் தோன்றியது துக்கம் அல்ல. படகு ஏற்றுகிற என் டிரெய்லர் அவர் பட்டறையில் பாதி வேலையோடு நிற்கிறதே என்பதுதான் தோன்றியது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஞானப்பிரகாசம் அண்ணனைப் பற்றி எழுதும்போது பூசி மெழுகுவது சரியாக இருக்காது.

ஆலங்காயத்தில் அவரை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாணியம்பாடி சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட், டிராக்டர் டிப்பர், தண்ணீர் வண்டி என்று இரும்பில் என்ன கேட்டாலும் செய்வார். அதிகம் பேசமாட்டார், பேசினால் கிண்டலாகத்தான் பேசுவார். நான் ஜவ்வாது மலைமேல் ஏரியில் படகு குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவள். விடுமுறை நாட்களில் படகுகள் மலையில் மிதக்கும். மற்ற நாட்களில் கீழே தெப்பத் திருவிழா நடக்கிற ஊர்களுக்குப் பாதுகாப்புக்காக அவற்றை வாடகைக்கு அனுப்புவேன். அதனால் என் டிரெய்லர் மாதத்தில் பாதி நாள் கொண்டை ஊசி வளைவுகளில்தான் இருக்கும்.

அவரிடம் நான் முதன்முதலாகப் போனது ஒரு மழைக்காலத்தில். வளைவு ஒன்றில் பேரிங் இறுகி, டிரெய்லரின் இடப்பக்கச் சக்கரத்தைத் தாங்குகிற அச்சு முனையே முறிந்துவிட்டிருந்தது. மறுநாள் சந்தவாசல் பக்கம் ஒரு கோயிலில் தெப்பம். பழைய முனையை வெட்டிவிட்டுப் புதிது வைத்து ஒட்ட வேண்டும். நான் அவர் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, "ஆச்சா அண்ணா, ஆச்சா அண்ணா" என்று அரித்துக்கொண்டிருந்தேன். "இரும்மா, ஒங்க சாமி தண்ணில எறங்கறதுக்கு முன்ன நான் வேர்வையில முழுகிடுவேன் போலக் கீது" என்றார். சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்தார். கெட்டிக்காரர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகுதான் டயர்கள் தேய ஆரம்பித்தன. சாதாரணத் தேய்மானம் இல்லை. மூன்று, நான்கு வருடம் உழைக்க வேண்டிய புது டயர்கள் ஐந்தே மாதத்தில் உள் ஓரம் மழுங்கி நூல் தெரிய நின்றன. மாற்றினேன். அடுத்த ஜோடியும் அப்படியே போயிற்று. அப்போது எனக்கு வண்டி ஓட்டியவர் தசரதன், அமிர்திப் பக்கத்துக்காரர். படகை மேலே இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அவர் டிரெய்லரில் மூட்டை ஏற்றிக் காசு பார்க்கிறார் என்று யாரோ என் காதில் போட்டார்கள். கூப்பிட்டுக் கேட்டேன். "ஒரே ஒரு வாட்டி, பக்கத்து வூட்டு ஆயாவோட புளி மூட்டை ரெண்டு ஏத்தினு வந்தேங்க. வேற இன்னாவும் ஏத்தலங்க" என்றார். எனக்கு அந்த ஒரு வாட்டியே போதுமானதாக இருந்தது. ஏரிக்கரையில் கடைக்காரர்கள், காவலர், படகுக்கு நின்ற ஜனம் எல்லோரும் பார்க்க, திருடனைப் பேசுவதுபோலப் பேசி அனுப்பினேன். எனக்கு வாய் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மலையில் ஒரு பேச்சு அடிவாரம் வருவதற்கு பஸ்ஸுக்குக் காத்திருக்காது. தசரதனுக்கு 'டயர் தின்னி' என்று பெயர் விழுந்தது. அப்புறம் அவர் கையில் சாவி கொடுக்க ஆளில்லை. விறகு ஏற்றுகிற கூலி வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். பட்டால்தான் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது மட்டுமா, சொல்லவும் செய்தேன்.

வேறு ஓட்டுநர் வந்தார். டயர் மறுபடியும் அதே உள் ஓரத்தில் மழுங்கியது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? இல்லை, இவரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் பின்விளக்கு ஒட்டுவதற்காக டிரெய்லரை ஞானம் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் விளக்கைப் பார்க்கவில்லை. குனிந்து டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவினார், பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவினார். என் கையையும் வைக்கச் சொன்னார். ஒரு பக்கம் வழுவழுவென்று போனது. எதிர்ப்பக்கம் ரம்பத்தில் கை வைத்ததுபோலப் பிடித்தது. வேலியிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை ஒடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். இரண்டு டயர்களுக்கும் நடுவில், முன்பக்கத்தில் சரியாகப் பொருந்துகிற அளவுக்குக் குச்சியை நறுக்கினார். அதையே பின்பக்கம் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. விரல் அகலம் இடித்தது.

வெளியே வந்து கையைக்கூடத் துடைக்காமல் நின்றார். "அம்மா, ரெண்டு வீலும் முன்னால விரிஞ்சிக்கினு நிக்குது. ஓடற ஓட்டம் பூரா டயரு உருளல, இழுபட்டுக்கினே போயிருக்குது. டிரைவர் மேல ஒண்ணும் இல்ல. அந்த மொனைய நான் கோணலா வச்சிட்டேன். என் தப்பு" என்றார். சத்தம் போடாமல் வெட்டி நேராக ஒட்டிக் கொடுத்திருந்தால் சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்கு அவரை அவசரப்படுத்தியது நான்தான் என்பது எனக்கு அந்த நிமிடமே ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை, மழையைச் சொல்லவில்லை, அடிக்கடி போய்வந்த கரண்டைச் சொல்லவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் கோணலா வச்சது ஒரு ஆளு மேல போய் வுழுந்துடுச்சே" என்றார். பிறகு கேட்டார், "தசரதன் இப்ப எங்க கீறாரு?" எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் என் படகுகளை ஏற்றி இறக்கியவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு அமிர்திக்குப் போனார். தசரதன் வீட்டில் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். அண்ணன் உட்காரவில்லை. "ஊரு கேக்கச் சொன்ன பேச்சு, ஊரு கேக்கத்தான் திருப்பி எடுக்கணும்" என்று தெருவிலேயே நின்றார். அக்கம்பக்கத்தவர்கள் சேரும்வரை காத்திருந்து, குச்சி, டயர், கோணல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கும்பிட்டார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரை அவர் கும்பிட்டதைப் பார்க்க முடியாமல், எதிரே கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தசரதனின் மனைவி என் பக்கம் திரும்பினார். "அவரு சொல்லிட்டாரு. நீங்க இன்னா சொல்றீங்க?"

"அதான் அண்ணன் சொல்லிட்டாரே" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை எனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அசிங்கமாகத்தான் கேட்கிறது. திரும்பிக் கீழே வந்து இறங்கும்போது அண்ணன், "ஒங்க பங்க நான் சொல்ல முடியாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். பிறகு என்றைக்கும் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

என்னிடம்தான் பேசவில்லை. வண்டி வைத்திருக்கிற தெரிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்த் தன் தப்பைத் தானே சொல்லியிருக்கிறார். தசரதனுக்கு ஒரு பள்ளி வேன் ஓட்டும் வேலை கிடைத்தது அப்படித்தான். அச்சைக் கோணலாக வைக்கிறவன் என்று சில டிராக்டர்காரர்கள் வேறு பட்டறைக்குப் போனதும் அப்படித்தான். "வருத்தமாக இல்லையா அண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். "வருத்தமாத்தான் கீது. அதுக்கு இன்னா பண்றது, டீ சொல்லவா?" என்றார். தசரதனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு நானும் இரண்டு முறை ஆள் அனுப்பினேன். ஆளைத்தான் அனுப்பினேன், நான் போகவில்லை. அவர் வரவில்லை. ஏன் வரவேண்டும்?

திங்கட்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஓட்டுநர்களும் டிராக்டர்காரர்களும்தான் அதிகம் இருந்தார்கள். பட்டறையை விட்டுப் போனவர்களும் வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் தசரதன் ஒருவர். குழி மூடி, சாமியார் ஜெபம் முடித்து, ஜனம் கலைய ஆரம்பித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இனி எனக்காகப் பேச எனக்கு முன்னால் யாரும் நிற்கப்போவதில்லை. அந்த வாக்கியத்தை மூன்று வருடமாகச் சுமந்ததில் எனக்கு அலுத்துவிட்டது என்பதும் உண்மை. வாசலில் அத்தனை பேருக்கும் நடுவில் தசரதனை நிறுத்தினேன். கூட வந்திருந்த அவர் மனைவியும் நின்றார்.

"தசரதா, அன்னைக்கு நான் ஒண்ணும் விசாரிக்கல. ஊர் முன்னாடி உன்னைத் திருடன் மாதிரிப் பேசி அனுப்பினேன். என் தப்பு" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

தசரதன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "அவரு உசுரோட இருக்கறப்பவே இத்த சொல்லியிருந்தீங்கன்னா, காதால கேட்டுட்டுப் போயிருப்பாருங்க" என்றார். அவரும் மனைவியும் நடந்தார்கள்.

ஞானப்பிரகாசம் அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். தப்பை ஒத்துக்கொண்ட பிறகு, சாக்குச் சொல்லாமல் அதோடு நிறுத்திக்கொள்வது. அவருக்கு அது கைவந்த பழக்கம், என் வாய்க்கு இன்னும் வராதது. அன்று தசரதன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, 'ஆனால்' என்று ஒரு சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.