அண்ணன் படம் இருந்த இடம்

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு பேனர் வேண்டாம், வெயிலில் வெளுக்காத ஒன்றை நானே செய்கிறேன் என்றேன். வில்லியனூரில் ஞாயிறுதோறும் வலைப்பக்க வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். படத்தைக் காட்ட ஒரு கட்டளை வரி, குரலுக்கு ஒரு வரி, வீடியோவுக்கு ஒரு வரி.

மேலே அப்பாவின் படம். பொத்தானைத் தொட்டால் மாட்டை அதட்டும் அவர் குரல். நாற்றங்கால் வரப்பில் அவர் நடந்துபோகும் சின்ன வீடியோ. கடைசியில், பேனரில் போடுகிற மாதிரியே, துயருறும் பிள்ளைகளின் படங்கள்: அண்ணன், நான், தங்கை, அவள் கணவர். வலையேற்றி, இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினேன்.

பாகூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

"எல்லாரும் கீறீங்க. நான் இன்னா, செத்துப் பூட்டேனா?"

என் கணினியிலிருந்த பக்கத்தைத் திறந்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு முதல் ஆளாக இருந்தார்.

"இங்க நீ கீறியேண்ணே."

"உன் வூட்ல இருந்து இன்னா பிரயோசனம்? ஊருக்குத் தெரியலியே. பாகப் பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னேன், அதானே? படையல் போட மூத்தவன் வரணுமா வேணாமான்னு அந்தப் பக்கத்துலயே எழுதிடு."

அதே பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். அண்ணன் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். தங்கை கணவர் மேல்தான் முதலில் சந்தேகம் போனது. அண்ணனுக்கும் அவருக்கும் ஆகாது, பக்கத்தின் கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியும். ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்கும் பெண் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சார், பக்கத்துக்குள்ள படம் இருக்காது. படம் எங்க இருக்குன்னு விலாசம்தான் இருக்கும். இவருக்கு மட்டும் உங்க வூட்டு கம்ப்யூட்டர் விலாசத்தக் குடுத்திருக்கீங்க. ஊர்ல கீறவங்க உங்க வூட்டுக்குள்ள பூந்து பாக்க முடியுமா?"

படத்தை ஏற்றி வரியைத் திருத்த ஐந்து நிமிடம் ஆகவில்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"நான் கேட்டப்புறம் ஏத்திட்ட."

"கை தவறிப்போச்சுண்ணே."

"மத்தவங்களுக்குத் தவறலியே."

மற்ற படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தோடு போகிற கோப்புறையில் வைத்த கை இதுதான். அவர் படத்தை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டதும் இதே கைதான். மறதிதான் என்று சொல்லிக்கொள்கிறேன். கையெழுத்துக்காக அவரோடு சத்தம் போட்டு வந்த அன்று மாலைதான் அவர் படத்துக்கான வரியை எழுதினேன் என்பதும் நினைவிருக்கிறது.

படையலன்று அண்ணன் வந்தார். இலை விரிக்கும் முன் போனை எடுத்து, அந்தப் பக்கத்தை விரலால் கடைசிவரை தள்ளி, தன் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.